அதே 16 அடுக்கு, வேறு வேறு அதிர்வெண்: காம்போசிட் தகடும் ஓடும் அதிரும் விதம்

கார்பன் இழையும் எபாக்ஸி ரெசினும் சேர்ந்த 16 மெல்லிய அடுக்குகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 0.125 மி.மீ. தடிமன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைத்தால் 2 மி.மீ. தகடு கிடைக்கும். அதை 300 மி.மீ. சதுரமாக வெட்டி நான்கு விளிம்பிலும் எளிய தாங்கல் கொடுக்கிறோம். அதாவது விளிம்பு மேலும் கீழும் நகராது. சாய்ந்து திரும்ப மட்டும் தடையில்லை. இந்தத் தகட்டின் முதல் இயல் அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக அதிரும் மிகக் குறைந்த அதிர்வெண், எவ்வளவு?

அடுக்கிய முறை தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. ஒரு விதமாக அடுக்கினால் 72 ஹெர்ட்ஸ் வரும். இன்னொரு விதத்தில் 102. வேறொரு விதத்தில் 130-ஐத் தாண்டும். மூன்றிலும் பொருள் ஒன்றுதான், எடையும் அதே 288 கிராம்தான். அதே எடைக்கு அலுமினியத் தகடு செய்தால் தடிமன் 1.19 மி.மீ. வரும், அதிர்வெண் 64 ஹெர்ட்ஸ். அலுமினியத்தில் அதை மாற்ற வேண்டுமானால் தடிமனையோ அளவையோ தாங்கலையோதான் மாற்ற வேண்டும். காம்போசிட்டில் அடுக்கு வரிசையும் இழைக் கோணமும் கூடுதலாகக் கையில் கிடைக்கின்றன. வடிவமைப்பாளர்கள் அதிர்வுக் கணக்கில் இவ்வளவு நேரம் செலவிடுவது அதற்காகத்தான். பக்கத்தில் ஓடும் மோட்டாரின் வேகம் நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் அது விநாடிக்கு 100 தடவை தட்டுகிறது. 102 ஹெர்ட்ஸ் தகட்டை அங்கே வைத்தால் ஒத்ததிர்வு, அதாவது தட்டும் வேகம் இயல் அதிர்வெண்ணோடு ஒன்றி அதிர்வு பெருகுவது, நிச்சயம். 130 ஹெர்ட்ஸ் தகடு பிழைத்துக்கொள்ளும்.

கணக்கில் நுழையும் எண்கள்

இரும்புக்கு மீள்மைக் குணகம் (இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் அளவு) ஒன்றும் பாய்சான் விகிதம் (நீளவாட்டில் இழுத்தால் குறுக்கே சுருங்கும் பங்கு) ஒன்றும் போதும். ஒரு திசை இழை அடுக்குக்கு நான்கு எண்கள் வேண்டும். இழைத்திசையில் மீள்மைக் குணகம், அதற்குக் குறுக்கே இன்னொன்று, உள்தளச் சறுக்குக் குணகம், பெரிய பாய்சான் விகிதம். சாதாரண கார்பன்-எபாக்ஸி அடுக்குக்கு இவற்றை 130 கிகாபாஸ்கல், 9 கிகாபாஸ்கல், 5 கிகாபாஸ்கல், 0.3 என்று வைத்துக்கொள்ளலாம். அடர்த்தி கன மீட்டருக்கு 1,600 கிலோ. இழைத்திசைக்கும் குறுக்குத்திசைக்கும் 14 மடங்கு வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். இனி வரும் விசித்திரங்களில் பெரும்பாலானவை அந்த 14-லிருந்துதான் கிளம்புகின்றன.

சிறிய பாய்சான் விகிதத்தைத் தனியாகத் தேட வேண்டாம். 0.3-ஐ 9-ஆல் பெருக்கி 130-ஆல் வகுத்தால் 0.021 வந்துவிடும். மென்பொருளில் இந்த இரண்டையும் இடம் மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சில மென்பொருள்கள் மறுத்துவிடும். சில எதுவும் சொல்லாமல் தவறான விடையைக் கொடுத்துவிடும்.

அடுத்து, அடுக்குகளின் விறைப்பை மொத்தத் தகட்டின் விறைப்பாகச் சேர்க்க வேண்டும். இதற்கு ஏ, பி, டி என்று மூன்று அணிகள் (எண் அட்டவணைகள்) உண்டு. ஏ அணி, தகட்டைத் தன் தளத்திலேயே இழுத்தால் எவ்வளவு எதிர்க்கும் என்று சொல்கிறது. இதில் வரிசைக்கு வேலையில்லை, எந்தக் கோணத்தில் எத்தனை அடுக்கு என்பது மட்டுமே கணக்கு. டி அணி வளைப்புக்கு உரியது. ஓர் அடுக்கின் வெளிமுகமும் உள்முகமும் நடுத்தளத்திலிருந்து (தடிமனின் நடுவே ஓடும் தளம்) எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அந்த இரு தூரங்களின் மும்மடிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பொறுத்து அதன் பங்கு அமையும். தடிமனின் வெளிப்பாதி, அதாவது மேலே கால்பங்கும் கீழே கால்பங்கும் சேர்ந்து, வளைப்பு விறைப்பில் எட்டில் ஏழு பங்கைத் தாங்குகிறது. நடுவில் உள்ள பாதிக்கு மிஞ்சுவது எட்டில் ஒரு பங்குதான். ஆகவே எந்த அடுக்கு வெளியே, எது உள்ளே என்பது வளைப்பில் பெரிய விஷயம். பி அணி இழுப்பையும் வளைப்பையும் முடிச்சுப் போடுகிறது. நடுத்தளத்துக்கு மேலும் கீழும் வரிசை கண்ணாடிப் பிம்பமாக இருந்தால் பி முழுவதும் சுழி. இல்லாவிட்டால் தகட்டை நேராக இழுத்தாலே வளைந்துகொள்ளும்.

கையால் ஒரு கணக்கு

16 அடுக்கிலும் இழை ஒரே திசையில், 0 பாகையில் ஓடுவதாக வைப்போம். மேலே சொன்ன எண்களிலிருந்து டி அணியின் உறுப்புகள் கிடைக்கும் (1 இழைத்திசை, 2 குறுக்குத்திசை, 66 முறுக்கு): டி11 = 87.2, டி22 = 6.04, டி12 = 1.81, டி66 = 3.33, எல்லாம் நியூட்டன்-மீட்டரில். எளிய தாங்கலில் உள்ள சதுரத் தகடு முதல் அதிர்வு வடிவத்தில் இரு பக்கமும் ஓர் அரை அலையாக எழுந்து தாழும். அந்த வடிவத்தின் கூட்டு விறைப்பு என்பது டி11, டி22 ஆகியவற்றோடு, டி12-யும் இரண்டு டி66-உம் சேர்ந்த தொகையின் இரு மடங்கைக் கூட்டியது. இங்கே 110.2. ஒரு சதுர மீட்டரின் நிறை 3.2 கிலோ. 110.2-ஐ 3.2-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 5.87. பக்க நீளத்தின் வர்க்கம் 0.09, பை-யின் பாதியை அதனால் வகுத்தால் 17.45. இரண்டையும் பெருக்கினால் 102.4 ஹெர்ட்ஸ்.

இப்போது வரிசையை மாற்றுவோம். வெளியே இரு பக்கமும் நான்கு நான்காக 0 பாகை, நடுவில் எட்டு 90 பாகை. டி11 77.1 ஆகக் குறைகிறது, டி22 16.2 ஆக ஏறுகிறது. இரண்டின் கூட்டுத்தொகை மட்டும் மாறவில்லை! ஆகவே சதுரத் தகட்டின் முதல் அதிர்வெண் அதே 102.4 ஹெர்ட்ஸ். முதல் அதிர்வெண்ணை மட்டும் அளந்து "சரியாக வந்துவிட்டது" என்று கையெழுத்துப் போடுபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது வடிவத்தில்தான் வேறுபாடு தெரிகிறது. இழைக்குக் குறுக்கே இரண்டு அரை அலை வரும் அந்த வடிவம், எல்லாம் 0 பாகையாக இருந்த தகட்டில் 155 ஹெர்ட்ஸில் வரும். குறுக்கு அடுக்குத் தகட்டில் 196. இழை நெடுகிலும் இரண்டு அரை அலை வரும் வடிவமோ 374-லிருந்து 354-க்கு இறங்குகிறது. சாதாரண உலோகச் சதுரத் தகட்டில் இந்த இரண்டு வடிவங்களும் ஒரே அதிர்வெண்ணில் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவதாக ஒரு கெட்ட வரிசை. கீழே எட்டு அடுக்கு 0 பாகை, மேலே எட்டு அடுக்கு 90 பாகை. கூட்டு விறைப்பு காகிதத்தில் இன்னும் 110.2-தான். ஆனால் பி அணி உயிர்பெற்றுவிட்டது. தகடு வளையும்போதே தன் தளத்தில் நழுவி, வளைப்பின் சுமையில் பாதியை இறக்கிவிடுகிறது. விளிம்பு தகட்டின் தளத்துக்குள்ளேயே, தனக்குச் செங்குத்தான திசையில் நகரலாம் என்று வைத்துக் கணக்கிட்டால் பயனுள்ள விறைப்பு 55.1 ஆகிவிடும். அதிர்வெண் 72.4 ஹெர்ட்ஸ். இதே 0, 90 அடுக்குகளைத் தொகுதியாக வைக்காமல் ஒன்று விட்டு ஒன்றாக 16 தடவை மாற்றி அடுக்கினால் பி எட்டில் ஒன்றாகச் சுருங்கி, அதிர்வெண் 102.0-க்குத் திரும்பிவிடும்.

உண்மையில் அந்த 72 ஹெர்ட்ஸ் தகட்டைச் செய்து பார்ப்பது கடினம். 120 அல்லது 180 பாகை செல்சியஸ் சூட்டில் இறுகி, அறை வெப்பநிலைக்குக் குளிரும்போது அது தானாகவே முறுக்கிக்கொள்ளும். இழைத்திசையில் சுருக்கம் அநேகமாக இல்லை, குறுக்கே நிறைய. வளைந்த தகடு இனித் தகடே அல்ல, ஆழமில்லாத ஓடு (வளைந்த மெல்லிய சுவருக்குப் பொறியியலில் ஓடு என்று பெயர்). அதை அளந்தால் கணக்கைவிட அதிக அதிர்வெண் காட்டும். சமச்சீராக அடுக்கு என்று கூறும் நடைமுறை விதிக்கு அதிர்வைவிட இந்த முறுக்கல்தான் முதல் காரணம். தொகுதி தொகுதியாக அடுக்குவதும் இங்கே விளக்கத்துக்காக மட்டுமே. ஒரே கோணத்தில் நான்குக்கு மேல் சேர்த்து வைத்தால் ரெசினில் நுண்விரிசலும் அடுக்குப் பிரிதலும் எளிதாகத் தொடங்கும் என்பதால் பட்டறைகள் அதைத் தவிர்க்கின்றன.

நான்காவது: +45, -45 என்று மாற்றி மாற்றி 16 அடுக்கு. சதுரத் தகடு முதல் வடிவத்தில் வளைவதோடு மூலைகளில் முறுக்கவும் செய்கிறது. 45 பாகை இழை அந்த முறுக்கை நேரடியாகத் தடுக்கிறது. டி12, டி66 இரண்டும் பெரிதாகி, கூட்டு விறைப்பு சுமார் 186-க்குப் போகும். அதிர்வெண் ஏறத்தாழ 133 ஹெர்ட்ஸ். இது சதுரத்துக்கும் எளிய தாங்கலுக்கும் உரிய விடை. நீளமான தகட்டில் கணக்கு வேறு. ஒரு முனையைப் பிடித்து மறுமுனை தொங்கும் பட்டையில் 45 பாகை மிக மோசமான தேர்வு, அங்கே நீளவாட்டில் ஓடும் 0 பாகை இழைதான் முதல் அதிர்வெண்ணை உயர்த்தும்.

சாய்ந்த இழைக்கு ஒரு பக்க விளைவு உண்டு. டி16, டி26 என்ற உறுப்புகள் சுழியாக இல்லாவிட்டால் வளைப்பும் முறுக்கும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அதிர்வின் கணுக்கோடுகள் (அசையாமல் நிற்கும் கோடுகள்) விளிம்புக்கு இணையாக இல்லாமல் சாய்ந்து ஓடும். இது எப்போதும் கெடுதல் அல்ல. 1984-இல் முதன்முதலாகப் பறந்த எக்ஸ்-29 என்ற அமெரிக்கச் சோதனை விமானத்துக்கு முன்னோக்கிச் சாய்ந்த இறக்கை. அப்படிப்பட்ட இறக்கை காற்றில் முறுக்கிக்கொண்டு உடைய முயலும். அதன் கார்பன் அடுக்குகளின் கோணத்தை, இறக்கை மேலே வளையும்போது முன்விளிம்பு தூக்காதபடி தேர்ந்தெடுத்தார்கள்.

தடித்த தகடு

மேலே செய்த கணக்கு, தகடு வளையும்போது அதன் குறுக்குவெட்டு நடுத்தளத்துக்குச் செங்குத்தாகவே இருக்கும் என்று நம்புகிறது. நம் தகட்டில் பக்கம் தடிமனைப் போல 150 மடங்கு, நம்பலாம். தடித்த தகட்டில் அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று சறுக்கும் விளைவு உள்ளே வருகிறது. உலோகத்தில் மீள்மைக் குணகம் சறுக்குக் குணகத்தைப் போல 2.6 மடங்கு அளவில்தான் இருக்கும். நம் அடுக்கில் அது 26 மடங்கு. எனவே உலோகத்தில் அலட்சியப்படுத்தக்கூடிய சறுக்கு இங்கே வெகு சீக்கிரம் வேலையைக் காட்டும். இழைத்திசை விறைப்பு குறுக்குத்திசையைப் போல 40 மடங்கு உள்ள சமச்சீர் குறுக்கு அடுக்குத் தகட்டில், பக்கம் தடிமனைப் போல 10 மடங்கு என்றால், பழைய கோட்பாடு அதிர்வெண்ணை ஏறத்தாழ 25 சதவீதம் கூட்டிச் சொல்லிவிடும்.

இதற்கான திருத்தம் ரைஸ்னர் (1945), மிண்ட்லின் (1951) ஆகியோரின் கோட்பாடுகளிலிருந்து வளர்ந்தது. சறுக்கைத் தடிமன் முழுக்க ஒரே அளவாக வைத்துவிட்டு, 5/6 என்ற திருத்தக் காரணியால் சரிக்கட்டுவது வழக்கம். அந்த 5/6 ஒரேதன்மைப் பொருளுக்கு வந்த எண். அடுக்குத் தகட்டுக்கு அது தோராயமே. 1984-இல் ரெட்டி முன்வைத்த மூன்றாம் படிக் கோட்பாட்டில் சறுக்கு தடிமனூடே பரவளையமாக மாறி இரு மேற்பரப்பிலும் சுழியாவதால் திருத்தக் காரணியே தேவைப்படாது. தொடங்குபவருக்கு நாங்கள் சொல்வது: விகிதம் 50-க்கு மேல் என்றால் பழைய கோட்பாடு, 50-க்கும் 10-க்கும் இடையில் 5/6, அதற்கும் கீழே என்றாலோ நடுவில் மென்மையான நுரையோ தேன்கூடோ இருந்தாலோ உயர்படிக் கோட்பாடு. இங்கே விகிதம் என்பது உண்மையில் அரை அலையின் நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ளது. உயர்ந்த வடிவங்களில் அலை சுருங்கச் சுருங்க, மெல்லிய தகடும் தடித்த தகடாகிவிடும்.

வளைந்தால் நடப்பது

ஒரு தாளை விளிம்பில் பிடித்தால் தொங்கிவிடும். லேசாகக் குழிவாக வளைத்துப் பிடித்தால் நேராக நிற்கும். ஓட்டின் இரகசியம் அதுதான்: வளைவு இருந்தால் வளைக்கும் முயற்சி இழுக்கும் முயற்சியாக மாறுகிறது. மெல்லிய பொருள் வளைப்பைவிட இழுப்பை மிகப் பலமாக எதிர்க்கும். ஆகவே ஏ அணியும் அதிர்வுக்குள் வந்துவிடுகிறது.

இதிலிருந்து தொடங்குபவரைத் திகைக்க வைக்கும் ஒன்று பிறக்கிறது. உருளை ஓட்டில் எளிய வடிவம்தான் குறைந்த அதிர்வெண் தரும் என்று எண்ணக் கூடாது. ஆரம் 150 மி.மீ., நீளம் 450 மி.மீ., தடிமன் 2 மி.மீ. உள்ள குழாயை எடுப்போம். 0, +45, -45, 90 கோணங்களைச் சமமாகக் கலந்த 16 அடுக்கு, இரு முனையிலும் எளிய தாங்கல். இந்தக் கலவையின் சராசரி மீள்மைக் குணகம் சுமார் 50 கிகாபாஸ்கல். டானலின் எளிய ஓட்டுச் சமன்பாட்டில், தளத்துக்குள் நடக்கும் அசைவின் நிலைமத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், நீளவாட்டில் ஓர் அரை அலையும் சுற்றில் 2 முழு அலையும் உள்ள வடிவம் 1,290 ஹெர்ட்ஸில் வருகிறது. சுற்றில் 3 அலை என்றால் 690. 4 அலை என்றால் 560. 5 அலைக்கு மறுபடி ஏறி 680, 6-க்கு 910. அடிமட்டம் 4-இல் இருக்கிறது.

காரணம் இரண்டு ஆற்றல்களின் போட்டி. சுற்றில் அலை கூடக் கூட, ஓட்டை இழுக்கத் தேவையான ஆற்றல் வேகமாக இறங்குகிறது, வளைக்கும் ஆற்றல் வேகமாக ஏறுகிறது. 2 அலையில் வளைப்பின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. 4 அலையில் இரண்டும் ஏறத்தாழ சமம். எஃகு உருளைகளில் இந்தப் போட்டியை அர்னால்டும் வார்பர்ட்டனும் 1949-இல் ஆற்றல் கணக்காலேயே விளக்கினார்கள். காம்போசிட்டில் இந்தப் போட்டியை நாமே நடத்தலாம். 90 பாகை அடுக்குகளை வெளியே வைத்தால் சுற்றுவாட்டு வளைப்பு விறைப்பு ஏறும். குறைந்த அதிர்வெண் உயரும், அடிமட்டம் குறைவான அலைகள் பக்கம் நகரும். மேலே விட்ட நிலைமத்தைச் சேர்த்தால் 2 அலை விடை சுமார் 10 சதவீதம் குறையும், 4 அலைக்கு 3 சதவீதம்தான். அலை குறைந்த வடிவங்களுக்கும் நீளமான குழாய்க்கும் டானல் சமன்பாட்டை நம்ப வேண்டாம். சாண்டர்ஸின் சமன்பாடு பாதுகாப்பானது.

கணினியில்

பொருளைச் சிறு உறுப்புகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் ஓட்டு உறுப்பு, அடுக்குப் பட்டியல், எல்லை நிபந்தனை, இயல் அதிர்வெண் தீர்வு என்று வேலை அரைமணியில் முடியும். தவறும் அதே அரைமணியில் நடந்துவிடும். மில்லிமீட்டரும் மெகாபாஸ்கலும் பயன்படுத்தினால் அடர்த்தி டன்னில், ஒரு கன மில்லிமீட்டருக்கு என்று கொடுக்க வேண்டும். 1,600 என்பது 0.0000000016 ஆகும். கிலோவில் கொடுத்துவிட்டால் அடர்த்தி ஆயிரம் மடங்கு பெருத்து, 102 ஹெர்ட்ஸ் 3.2 ஆகத் தெரியும். விடை 31.6 மடங்கு பிசகினால் வேறு எங்கும் தேட வேண்டாம், அலகைப் பாருங்கள்.

அடுத்தது இழைத்திசை. உருளையில் 0 பாகை என்பது அச்சுவாட்டமா சுற்றுவாட்டமா என்பதை மென்பொருள் தன் இஷ்டப்படி எடுத்துக்கொள்ளும். ஒவ்வோர் உறுப்பிலும் திசையை வரைந்து கண்ணால் பார்க்காமல் தீர்வை ஓட்டக் கூடாது. வலை அடர்த்திக்கு, ஓர் அரை அலைக்கு எட்டு உறுப்பு என்பது நல்ல தொடக்கம். நம் குழாயில் 4 அலை என்றால் சுற்றில் எட்டு அரை அலை, ஆகக் குறைந்தது 64 உறுப்பு. தகட்டுக்குக் கைக்கணக்கு 102.4 தருவதால், எந்தப் புதிய மாதிரியையும் முதலில் அதில் சோதித்துவிட்டு ஓட்டுக்குப் போவது நல்லது.

சோதனை மேசையில்

கணக்கில் எளிதாக எழுதும் எளிய தாங்கல் மேசையில் கிடைக்காது. இறுக்கிப் பிடித்தாலும் முழு இறுக்கம் வராது. ஒரேதன்மைச் சதுரத் தகட்டில் இரண்டுக்கும் இடையே 1.82 மடங்கு வித்தியாசம், உங்கள் அளவீடு அதன் நடுவில் எங்காவது விழும். அதனால் முதல் சோதனையைத் தொங்கவிட்டுச் செய்யுங்கள். மெல்லிய இழுபடும் கயிறு இரண்டு, தகடு முழுதாக ஆடும் அதிர்வெண் முதல் வளைப்பு அதிர்வெண்ணில் பத்தில் ஒன்றுக்கும் கீழே இருந்தால் போதும். கணினி மாதிரியிலும் எல்லாத் தாங்கலையும் எடுத்துவிட்டு ஒப்பிடலாம்.

அதிர்வை அளக்க ஒட்டும் உணரியான முடுக்கமானியின் எடை அடுத்த வில்லன். எளிய தாங்கலில் உள்ள நம் தகட்டின் முதல் வடிவத்துக்கு நடுவில் உணரப்படும் நிறை 288-இல் கால்பங்கு, 72 கிராம். அங்கே 5 கிராம் முடுக்கமானியை மெழுகால் ஒட்டினால் 102.4 ஹெர்ட்ஸ் 99-ஆக இறங்கும். அரை கிராம் முடுக்கமானி இந்த இறக்கத்தை அரை ஹெர்ட்ஸுக்குள் அடக்கிவிடும். தட்டும் சுத்தியல் இருமுறை பட்டால் பதிவைத் தூக்கிப் போடுங்கள். ஒரு விநாடி பதிவு செய்தால் அதிர்வெண் பகுப்பு 1 ஹெர்ட்ஸ்; நெருங்கிய இரண்டு சிகரங்களைப் பிரிக்க நான்கு விநாடியாவது வேண்டும்.

கணக்கும் சோதனையும் ஒத்துவராவிட்டால் மீள்மைக் குணகத்தைத் திருத்தும் ஆசை வரும். அதற்கு முன் தகட்டை எடைபோட்டு, ஒன்பது இடங்களிலாவது தடிமனை அளந்துவிடுங்கள். ரெசின் சரியாக வெளியேறாமல் தடிமன் 5 சதவீதம் கூடியிருந்தால் இழையின் அளவு கூடவில்லை, எடை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும். அதிர்வெண் 5 சதவீதம் அல்ல, சுமார் 3 சதவீதம்தான் உயரும். அடுக்குப் பிரிதல் இருந்தால் கீழ் வடிவங்கள் அதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. அலை சிறிதான உயர்ந்த வடிவங்களில்தான் அதிர்வெண் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும்.

உருளைச் சோதனையில் 560 ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டு சிகரங்கள் நெருங்கி நின்றால் ஒன்றை இரைச்சல் என்று தள்ளிவிட வேண்டாம். முழு வட்டமான குழாயில் ஒவ்வொரு சுற்று வடிவமும் இரட்டையாக வரும், ஒன்றின் கணு மற்றதன் முகட்டில் விழும், அதிர்வெண் ஒன்றே. அடுக்குத் துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறி முடியும் தையல் பட்டையில் தடிமன் கூடுவதால் இரட்டை பிரிந்துவிடுகிறது. முடுக்கமானி அந்தப் பட்டையின் மேலேயே இருந்தால் இரட்டையில் ஒன்று மட்டுமே தெரியும். சுற்றில் கால் அலை, அதாவது நம் குழாயில் 22.5 பாகை தள்ளி இரண்டாவது முடுக்கமானியை ஒட்டினால் மற்றதும் அகப்படும்.